மண்டபமா, மணலா, ஏலக்கூடமா?

மாதம் ஒரு மாலை. பாட்டும் மேளமும் ஆட்டமும் கலந்து, கடற்கரை ஊர்ச் சனங்கள் டிக்கெட் எடுக்காமல் வந்து உட்கார்ந்து பார்க்கிற மாதிரி ஒரு நிகழ்ச்சி. நடத்தலாம் என்று முடிவெடுக்க எங்களுக்கு ஒரு டீ குடிக்கிற நேரம்தான் ஆனது. எங்கே, என்றைக்கு, யாரை வைத்து, யார் காசில் என்ற பேச்சு மட்டும் நாலு மாதம் ஓடியது. இப்போது ஒரு முடிவுக்கு வந்திருக்கிறோம். இதே போல ஒன்றைத் தொடங்க நினைக்கிற வேறு கடற்கரைக்காரர்களுக்குப் பயன்படும் என்பதால், எதையெல்லாம் யோசித்தோம், எதை ஏன் விட்டோம் என்று எழுதி வைக்கிறேன்.

முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். ராமநாதபுரம் கரையில் கலைக்குப் பஞ்சம் கிடையாது. முளைப்பாரி சமயத்தில் பெண்கள் வட்டம் கட்டிக் கும்மியடித்தால் நேரம் போவதே தெரியாது. அம்மன் கோயில் பொங்கலென்றால் கரகமும் ஒயிலாட்டமும் நையாண்டி மேளமும் உண்டு. ஏர்வாடியில் சந்தனக்கூடு. மாதா கோயில் திருவிழாவில் தேர்பவனி. ராமநாதபுரம் அரண்மனையில் சேதுபதிகள் காலம் தொட்டு நவராத்திரி. குறை என்னவென்றால், ஒவ்வொன்றுக்கும் தனி வாசல், தனிக் கூட்டம். பக்கத்துத் தெருவில் முஸ்லிம்கள் தப்ஸ் என்கிற கைப்பறையை அடித்துப் பாடுகிற சத்தத்தை நான் சின்ன வயதிலிருந்து குழாய் ஒலிபெருக்கியில் கேட்டு வளர்ந்தவன். அடிக்கிறவரின் விரல்கள் அந்தத் தோலில் எப்படி ஓடுகின்றன என்பதைப் போன வருடம்தான் முதல்முறையாகப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். இத்தனை வருடம் இருபது அடி தள்ளி இருந்துகொண்டு பார்க்காமல் விட்டோமே என்று அன்றைக்கு மனது அடித்துக்கொண்டது.

ஒருவர் கலையை இன்னொருவர் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்க வேண்டும். எங்கள் நோக்கம் அவ்வளவுதான். இடம், நாள், காசு எல்லாவற்றையும் இதை வைத்தே அளந்து பார்த்தோம்.

இடம்

மூன்று யோசனைகள் வந்தன. ராமநாதபுரம் டவுனில் ஒரு கல்யாண மண்டபம், கடற்கரை மணல், மீன் இறங்குதளத்தில் இருக்கிற ஏலக்கூடம்.

மண்டபம் வேண்டும் என்றவர்களிடம் நியாயம் இருந்தது. நாற்காலி, மின்விசிறி, கழிப்பறை, சமையல்கட்டு, உடை மாற்ற அறை எல்லாம் தயார். பஸ் ஸ்டாண்டிலிருந்து நடக்கிற தூரம். மழைக்கும் பயமில்லை. ஆனால் ஞாயிற்றுக்கிழமையில் முகூர்த்தம் விழுந்தால் மண்டபம் நமக்குக் கிடைக்காது. தை, வைகாசி, ஆவணியில் நாள் பிடிப்பதே ஒரு வேலையாகிவிடும். அதைவிடப் பெரிய சிக்கல் ஊர்களிலிருந்து வருகிறவர்களுக்கு. தேவிபட்டினம் டவுனிலிருந்து 15 கிலோமீட்டர்தான். இரவு ஒன்பதரைக்கு நிகழ்ச்சி முடிந்தால், தூங்குகிற பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு ஒரு அம்மா எந்த பஸ்ஸைப் பிடிப்பார்? மண்டபத்துக்கு வரக்கூடியவர்கள் டவுனில் இருப்பவர்கள். அவர்களுக்குக் கச்சேரி கேட்க வேறு வழிகள் ஏற்கெனவே இருக்கின்றன.

போன வருடம் வெள்ளோட்டமாக ஒரு மண்டபத்தில் ஒரு மாலை நடத்திப் பார்த்தோம். பறைக் குழு ஒன்று வந்திருந்தது. பறையின் தோல் ஈரக்காற்று பட்டால் தொய்ந்துவிடும், நெருப்புக் காட்டித்தான் இறுக்க வேண்டும். வைக்கோலையோ காய்ந்த பனையோலையையோ கொளுத்தி, தழலுக்கு மேலே பறையைச் சுற்றிச் சுற்றிப் பிடித்து, நடுவில் விரலால் சுண்டிப் பார்ப்பார்கள். சத்தம் தெளிந்து வந்தால்தான் அடிக்குச்சியும் சுண்டுக்குச்சியும் கைக்கு வரும். கடலோரக் காற்றில் இதை அடிக்கடி செய்ய வேண்டியிருக்கும். மண்டப வாசலில் ஓலை கொளுத்தக் கூடாது என்று காவலாளி சொல்லிவிட்டார். அவர் வேலை அது. குழுவின் வாத்தியார் தெருமுனை வரை போய்க் காய்ச்சிக்கொண்டு ஓடிவந்தார். இரண்டாவது அடவிலேயே தோல் மங்கிவிட்டது. கூட்டம் கைதட்டத்தான் செய்தது. அவர் மட்டும் பறையைக் குனிந்து பார்த்துக்கொண்டே அடித்தார். அந்த முகம் எனக்கு இன்னும் மறக்கவில்லை. அதே மேடையில் அடுத்து ஏறிய நையாண்டி மேளம் வேறு கதை: இரண்டு நாதஸ்வரம், இரண்டு தவில், பம்பை, தமுக்கு. நாலு சுவருக்குள் அந்தச் சத்தம் மோதித் திரும்ப, முன்வரிசைக் குழந்தைகள் காதைப் பொத்திக்கொண்டார்கள். தெருவுக்கும் திடலுக்கும் என்று வளர்ந்த வாத்தியங்களைப் பெட்டிக்குள் அடைத்தது எங்கள் தப்பு.

சரி, அப்படியென்றால் மணல். கேட்டவுடன் எல்லோருக்கும் பிடித்த யோசனை இதுதான். எனக்கும் பிடித்தது. கடல் பின்னால், நிலா மேலே, சனம் மணலில். ஆனால் ஆடுகிறவரின் காலிலிருந்து யோசித்துப் பார்த்தால் மணல் ஆகாது. எங்களுக்கு இதைச் சொன்னது ஒரு கரகாட்டக்காரப் பெண். ஆட்டக்கரகம் தலையில் பிடிமானம் இல்லாமல் நிற்பது. உச்சியில் கிளி சுற்றும். கால் ஊன்றுகிற இடம் புதைந்தால் இடுப்பு ஆடும், இடுப்பு ஆடினால் கழுத்து ஆடும், கழுத்து ஆடினால் கரகம் விழும். காற்று கிளியைத் தள்ளும். சலங்கைக்குள் மணல் புகுந்தால் சத்தம் கட்டிவிடும். ஒயிலாட்டத்திலும் அதே கதைதான், இருபது கால்கள் ஒன்றாக விழுகிற சத்தம் இல்லாத ஒயில் பாதி ஒயில். இவ்வளவையும் சொல்லிவிட்டு அவர் கடைசியில் கேட்டது ஒன்றுதான்: "தரை எப்படி வேணா இருக்கட்டும்ணே, சமாளிச்சுக்கிருவோம். சேலை மாத்த ஒரு ரூம் மட்டும் சொல்லிருங்க."

மணலுக்கு வேறு தடைகளும் உண்டு. கடலோர ஒழுங்குமுறை விதிகள் இருப்பதால் நிரந்தர மேடை என்ற பேச்சுக்கே இடமில்லை. தை முதல் பங்குனி, சித்திரை வரை பங்குனி ஆமைகள் முட்டையிடக் கரையேறுகிற காலம். பொரித்த குஞ்சு வெளிச்சம் இருக்கிற பக்கம் நகரும். கடல் பக்கம் போக வேண்டிய குஞ்சை நம் மேடை விளக்கு ஊர்ப் பக்கம் இழுத்துவிடும். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளையும் 1986இலேயே கடல்வாழ் உயிரினத் தேசியப் பூங்கா ஆக்கிக் காத்து வருகிறார்கள். அந்தக் கடலுக்கு முன்னால் நின்றுகொண்டு இதைச் செய்ய எங்களுக்கு மனம் வரவில்லை. அப்புறம் இருட்டு. மணலில் வெளிச்சம் படுவது மேடைக்கு முன்னால் மட்டும். குடித்துவிட்டு வருகிறவர்கள் அந்த இருட்டில்தான் நிற்பார்கள். ஆட வந்த பெண்கள் மேல் ரூபாய் நோட்டைக் குத்தப் போகிறவர்களும் அங்கிருந்துதான் கிளம்பி வருவார்கள்.

ஏலக்கூடத்தை முதலில் சொன்னபோது ஒருவருக்கும் உற்சாகம் இல்லை. "மீன் நாத்தம் அடிக்குமே" என்றார்கள். அடிக்கும்தான். ஞாயிறு மதியம் பிளீச்சிங் பவுடர் போட்டு இரண்டு முறை கழுவிவிட்டால் சாயங்காலத்துக்குள் பெரும்பாலும் போய்விடும். மிச்சம் இருப்பது எங்களுக்குப் பழகிய வாடை. மற்றபடி பாருங்கள். தலைக்கு மேலே கூரை, நாலு பக்கமும் திறப்பு. சிமெண்டுத் தரை, தண்ணீர் ஓட வாட்டம், குழாய், கரண்ட் எல்லாம் இருக்கிறது. தவில் சத்தம் மோதாமல் வெளியே போகும். பறைக்காரர் பத்தடி தள்ளி ஓலையைக் கொளுத்திக்கொள்ளலாம், யாரும் தடுக்கப் போவதில்லை. பரதநாட்டியம் ஆடுகிற பிள்ளைகளுக்குச் சிமெண்டு முட்டியைப் பதம் பார்க்கும். அதனால் கயிற்றுப்பாய் விரித்து அதன் மேல் பிளைவுட் பலகைகளை அடுக்கி, மேலே ஒரு ஜமுக்காளம் என்று முடிவு செய்திருக்கிறோம். மீன்வளத் துறையிலும் ஊர்த் தலைவரிடமும் அனுமதி வாங்க வேண்டும், வாங்கலாம்.

ஆனால் நான் ஏலக்கூடத்தின் பக்கம் சாய்ந்ததற்குக் கூரையும் தரையும் காரணமில்லை. கோயில் திடல், பள்ளிவாசல் முற்றம், மாதா கோயில் வளாகம் என்று எதைச் சொன்னாலும் "நாங்க அங்க எப்படி" என்று தயங்குகிற ஒரு வீடாவது இருக்கிறது. சாதி சார்ந்த தயக்கமும் அதில் உண்டு, மறைக்க வேண்டியதில்லை. ஏலக்கூடத்தில் மட்டும் அந்தத் தயக்கத்தை நான் பார்த்ததில்லை. விடியற்காலையில் படகு முதலாளி, ஏலம் விடுகிறவர், ஐஸ்பெட்டி வைத்த பாய், கூடை தூக்கி வந்த அக்கா, கேரளாவுக்கு ஏற்றுகிற வியாபாரி எல்லோரும் ஒரே ஈரத்தில் நிற்கிறார்கள். தினம் காலையில் நிற்கிற அதே இடத்துக்கு மாதம் ஒரு நாள் சாயங்காலமும் வரச் சொல்கிறோம், அவ்வளவுதான்.

ஒரே கூடமா, ஊர் மாற்றி ஊரா என்பது அடுத்த கேள்வி. ஒரே இடத்தில் நடத்தினால் சனத்துக்குப் பழகும். மாறிக்கொண்டே இருந்தால் எல்லாக் கரைக்கும் போய்ச் சேரும், ஆனால் அடுத்த மாதம் எங்கே என்று யாருக்கும் தெரியாது. இதைக் காற்றிடமே விட்டுவிட்டோம். எங்கள் பக்கம் மன்னார் வளைகுடாவைத் தென்கடல் என்றும் பாக் நீரிணையை வடகடல் என்றும் சொல்வார்கள். கச்சான் என்கிற தென்மேற்குக் காற்று அடிக்கிற மாதங்களில் தென்கடல் பொங்கும், வடகடல் படுத்துக் கிடக்கும். வாடை என்கிற வடகிழக்குக் காற்று தொடங்கினால் நிலைமை தலைகீழ். எனவே மே முதல் செப்டம்பர் வரை தேவிபட்டினம், தொண்டி பக்கத்து வடகரைக் கூடம் ஒன்று. அக்டோபர் முதல் ஜனவரி வரை கீழக்கரை, ஏர்வாடி பக்கத்துத் தென்கரைக் கூடம் ஒன்று. காற்று மிதமாக இருக்கும் பிப்ரவரி, மார்ச், ஏப்ரலில் இரண்டு கடலுக்கும் நடுவில் இருக்கிற மண்டபம் என்கிற ஊர்ப் பக்கம். மைக்கில் காற்று இரைகிற தொல்லை இதனால் பெரிதும் குறையும்.

நாள்

பௌர்ணமி என்று ஆசைப்பட்டவர்கள் அதிகம். நிலா வெளிச்சத்தில் வலையை மீன் கண்டுகொள்ளும், மீன்பாடு குறையும், ஆட்கள் கரையில் இருப்பார்கள் என்பது அவர்கள் வாதம். தள்ளிவிட முடியாத வாதம்தான். ஆனால் பௌர்ணமி வாரத்தில் எந்த நாளிலும் விழும். அமாவாசையை யாரும் கேட்கவில்லை. அன்றைக்கு ராமேசுவரம், தேவிபட்டினம், சேதுக்கரை போகிற வண்டிகளால் சாலை நிறைந்துவிடும்.

ராமேசுவரம் பக்கம் விசைப்படகு கடலுக்குப் போகிற நாள் திங்கள், புதன், சனி. மற்ற நாட்கள் நாட்டுப்படகுக்கு. சனிக்கிழமை போன விசைப்படகு ஞாயிறு காலையில் கரைக்கு வரும். மீனை இறக்கி, ஏலம் முடித்து, தூங்கி எழுந்தால் சாயங்காலம். கிறிஸ்தவ ஊர்களில் ஞாயிறு கடலுக்குப் போகிற வழக்கமில்லை. பள்ளிப் பிள்ளைகளுக்கும் லீவு. ஆக மாதத்தின் இரண்டாம் ஞாயிறு என்று வைத்தோம்.

நேரத்தையும் ஊரின் நேரத்தோடு சேர்த்துத்தான் வைக்க முடிந்தது. மஃரிப் என்கிற அந்தித் தொழுகை முடிந்து ஆறே முக்காலுக்குத் தொடக்கம். இரவுத் தொழுகைக்கான இஷா பாங்கு கேட்டவுடன் மைக்கை அணைத்துவிட்டு அரைமணி நேரம் டீ. ஒன்பதரைக்கு முடிவு. இரவு 10 முதல் காலை 6 வரை ஒலிபெருக்கி வைக்கக் கூடாது என்பது 2000ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகளில் இருக்கிறது. பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி இருந்தால் 100 மீட்டர் அமைதிப் பகுதி. ஏலக்கூடங்கள் பெரும்பாலும் ஊர் ஓரத்தில் கரையை ஒட்டி இருப்பதால் இதில் எங்களுக்குச் சிரமம் இல்லை. ரமலானில் நிகழ்ச்சி முஸ்லிம்கள் அதிகம் உள்ள ஊரில் இருக்காது, தவக்காலத்தில் கிறிஸ்தவ ஊரில் இருக்காது. அந்த மாதம் வேறு கூடம், அவ்வளவே.

கலவை

மாதம் ஒரு கலை என்று வைத்தால் வேலை சுலபம். ஒரு குழு, ஒரு வேன், ஒரு சாப்பாடு. ஆனால் பரதநாட்டிய மாதத்தில் பரதம் பார்க்கிறவர்கள் மட்டும் வருவார்கள், தப்ஸ் மாதத்தில் அந்தத் தெரு மட்டும் வரும். திரும்பவும் தனி வாசல், தனிக் கூட்டம். ஒரு மாலைக்கு மூன்று என்று வைத்தால் வருடத்துக்கு 36 குழுக்கள் வேண்டும், செலவும் மூன்று மடங்கு. இருந்தாலும் மூன்றுதான் என்று நான் பிடிவாதமாக நின்றேன். தன் வீட்டுப் பிள்ளை ஆடுகிறதைப் பார்க்க வந்தவர் அடுத்த உருப்படிக்கும் எழுந்திருக்காமல் இருப்பதில்தான் நாங்கள் நினைத்த காரியம் நடக்கும்.

மூன்றையும் அவியலாக்கிவிடக் கூடாது என்று ஒரு பெரியவர் எச்சரித்தார். அவர் கவலை சரியானதுதான். ஆனால் பலவற்றை அளவோடு அடுக்குகிற வித்தை இந்த மண்ணுக்குப் புதிதில்லை. இன்றைக்கு மேடையில் நாம் கேட்கிற கர்நாடகக் கச்சேரியின் அடுக்கை, வர்ணம், கீர்த்தனைகள், ராகம் தானம் பல்லவி, துக்கடா என்ற வரிசையை, வழக்கத்துக்குக் கொண்டுவந்தவர் என்று அரியக்குடி ராமானுஜ ஐயங்காரைச் சொல்வார்கள். அவருடைய குரு ராமநாதபுரம் 'பூச்சி' சீனிவாச ஐயங்கார். மிருதங்கத்தில் சி.எஸ். முருகபூபதியும் ராமநாதபுரத்துக்காரர்தான். அவருடைய ஊரில் தாளம் கேட்கத் தெரிந்த காது இல்லை என்று யார் சொன்னாலும் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

எங்கள் வரிசை இப்படி. முதலில் நையாண்டி மேளமோ பறையோ தெருவில் தொடங்கி ஊரைச் சுற்றிக் கூடத்துக்குள் வரும். மைக் தேவையில்லை, அழைப்பிதழும் தேவையில்லை. பிறகு உட்கார்ந்து கேட்கிற ஒன்று. ராமநாதபுரம் அரசு இசைப்பள்ளியில் குரலிசை, தேவாரம், நாதஸ்வரம், தவில், வயலின், மிருதங்கம், பரதநாட்டியம் என்று மூன்று வருடம் படிக்கிற பிள்ளைகள் இருக்கிறார்கள், அவர்களுக்கு மேடை வேண்டும். டீக்குப் பிறகு மூன்றாவது. இடைவேளைக்கு முன்னும் பின்னும் யார் என்பதைக் குழுக்களிடம் கேட்டுத்தான் வைப்போம். தப்ஸ் குழுவின் மூத்தவர், "நாங்க நபிநாயகம் பேர்ல பாடுறவங்க தம்பி, ஆட்டம் முடிஞ்ச கையோட எங்களை ஏத்தாதீங்க, கொஞ்சம் இடைவெளி விட்டு ஏத்துங்க" என்றார். கேட்ட விதத்திலேயே அவர் வர விரும்புவது தெரிந்தது. பாங்குக்குப் பிறகான முதல் இடம் அவருக்கு.

யாருமே மேடை கொடுக்காத ஒன்றும் எங்கள் பட்டியலில் இருக்கிறது. கரைவலை இழுக்கும்போது பாடுகிற அம்பாப் பாட்டு. ஒருவர் அடி எடுத்துக் கொடுக்க, கயிற்றில் நிற்கிற மற்றவர்கள் ஏலேலோ சேர்த்து வாங்குவார்கள். இழுக்கிற மூச்சுதான் தாளம். கேட்டுப் பார்க்கலாம் என்று நாலு பெரியவர்களை ஏலக்கூடத்தில் உட்காரவைத்தோம். கூச்சப்பட்டார்கள், இரண்டு அடிக்கு மேல் வரவில்லை. ஒருவர் எழுந்து போய்ப் படகிலிருந்து ஒரு வடக்கயிற்றை எடுத்து வந்து தூணில் கட்டினார். நாலு பேரும் கயிற்றைப் பிடித்து, குதிகாலை ஊன்றி, உடம்பைப் பின்னால் சாய்த்தார்கள். பாட்டு தானாக வந்தது, நிறுத்த முடியவில்லை. மீனை எடை போட்டுக்கொண்டிருந்த அக்கா ஒருவர் தராசை விட்டுவிட்டு வந்து கயிற்றின் கடைசியைப் பிடித்துக்கொண்டார்.

காசு

இதில் நீண்ட விவாதம் இல்லை. டிக்கெட் கிடையாது. ஒரே ஆள் மொத்தச் செலவையும் ஏற்றால் மேடை முழுக்க அவர் பேனர்தான் இருக்கும். அதனால் அதுவும் கிடையாது. தலைக்கட்டு வரி கோயில் கொடைக்கு வாங்குவது, அதை இதற்கு வாங்கினால் பழைய தகராறுகள் எல்லாம் கூடவே வரும். மகமை மாதிரி, விரும்புகிற படகும் கடையும் மாதம் ஒரு சிறு தொகை கொடுப்பது என்று வைத்திருக்கிறோம். வெளிநாட்டில் இருக்கிற கீழக்கரைத் தம்பிகள் ஒலிபெருக்கிச் செலவைப் பார்த்துக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறார்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம், 61 நாள். ஆட்கள் கரையிலேயே இருப்பதால் கூட்டம் அப்போதுதான் அதிகம் வரும், கையில் காசு அப்போதுதான் இருக்காது. அந்த மாதங்களில் யாரிடமும் கேட்பதில்லை.

கலைஞர்களுக்குக் கொடுப்பதில் மட்டும் நான் விட்டுக்கொடுக்கவில்லை. கரகம், ஒயில், நையாண்டிக் குழுக்களுக்குத் தையிலிருந்து ஆடி வரைதான் திருவிழாக் காலம். புரட்டாசி முதல் மார்கழி வரை அடுப்பு எரிவதே கஷ்டம். "இப்ப சும்மாதானே இருக்காங்க, குறைச்சுக் கேட்டா வருவாங்க" என்று ஒருவர் சொன்னார். வருவார்கள், அதனால்தான் குறைத்துக் கேட்கக் கூடாது. திருவிழாக் காலத்தில் வாங்குகிற அதே தொகை, ஆடி முடித்த அன்றே கையில். முன்பு ஒரு நிகழ்ச்சியில் ஆடிய குழுவுக்கு மூன்று மாதம் கழித்துத்தான் பணம் வந்தது. அதற்குள் அலைந்த பஸ் செலவே சம்பளத்தில் பாதி என்று அவர்கள் சொன்னதைக் கேட்டவன் நான். சாப்பாடும் அப்படித்தான். ஆடி முடித்த பிறகுதான் அவர்கள் சாப்பிடுவார்கள், அதுவரை குழம்பு சூடாக இருக்க வேண்டும்.

முதல் மாலையை அக்டோபர் இரண்டாம் ஞாயிறு தென்கரையில் வைக்கிறோம். புரட்டாசி என்பதால் குழுக்கள் கிடைக்கின்றன, பெருமழைக்கும் நாள் இருக்கிறது. ஏலக்கூடத்தில் இல்லாத ஒன்று உடை மாற்றுகிற அறை. கூடத்துக்கு எதிர்வீட்டில் தனியாக இருக்கிற, கருவாடு விற்கிற அக்காவிடம் கேட்டோம். உள்ளறையைக் காலி செய்து தருகிறேன், கண்ணாடியும் இருக்கிறது என்றார். கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லை, அதை மட்டும் மாட்டிக் கொடுங்கள் என்றார். வாங்கி வைத்துவிட்டோம், இந்த வாரம் மாட்டிவிடுவோம்.